ஆகாயத்தில் சத்தமில்லாத அறை

நான் விமானத்துக்குத் தைக்கிறவள் என்று சொன்னால் என் அக்கா சிரிப்பாள். "பணக்காரங்களுக்குக் கிறுக்கு பிடிச்சா உங்களுக்குச் சோறு" என்பாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்க அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் தையல் கோணலாகப் போயிருக்கிறது. அதைக்கூடக் கவனிக்காதவளிடம் நான் என்னத்தை விளக்குவது?

எங்கள் வேலை இதுதான். தொழிற்சாலையிலிருந்து விமானம் பச்சை நிறப் பூச்சோடு, உள்ளே ஒன்றுமே இல்லாமல், வெறும் குழாயாக எங்கள் ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வந்து சேரும். மற்றவர்கள் அதில் முந்நூறு நாற்காலி போட்டு ஜனங்களை அடைப்பார்கள். நாங்கள் ஒரே ஒரு குடும்பத்துக்கு, சில சமயம் ஒரே ஓர் ஆளுக்கு, அதற்குள் வீடு கட்டுவோம். உலகத்தில் இந்த வேலை தெரிந்த ஹேங்கர்கள் மிகச் சிலவே. அதில் ஒன்றில் நான் இருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் வருகிறது என்று அக்கா சொல்வாள். வரட்டுமே, சும்மாவா வருகிறது?

இந்தக் கதையில் வருகிற விமானம் நாங்கள் செய்ததிலேயே பெரியது. விலையை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அந்தச் சைபர்களை எண்ணி முடிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் உள்ளே இருந்ததை நான் கையால் தொட்டவள். முன் வாசலிலிருந்து வால் வரை சுவரில் ஓடிய மரத் தகடுகள் எல்லாம் ஒரே ஒரு மரத்திலிருந்து சீவியவை. வாசலில் தொடங்குகிற ஒரு கோடு, சாப்பாட்டு அறை, அலுவலக அறை, நடைபாதை எல்லாம் தாண்டி, எங்கும் அறுபடாமல் படுக்கையறைக் கட்டிலின் தலைமாட்டில் போய் முடியும். நடுவில் ஒரு தகடு உடைந்தால் பக்கத்துக் கடையில் வாங்கி ஒட்ட முடியாது. மரமே தீர்ந்துபோயிருக்கும்.

குளியலறைத் தரை பளிங்கு. பளிங்கு என்றால் பாறையைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை, அப்பளத்தைவிட மெல்லிசாக அறுத்து, அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு தட்டில் ஒட்டுவார்கள். தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சாப்பாட்டு மேஜைக்கு மேலே சரவிளக்கு. விமானம் குலுங்கினாலும் ஒரு மணிகூட ஆடாது, ஏனென்றால் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக ஒட்டியிருக்கிறார்கள். கூரையில் வானம். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரில் அப்போது என்ன வெளிச்சமோ, அதே வெளிச்சம் மெதுவாக மாறி மாறி வரும். இதில் எதை மாட்டுவதற்கு முன்னாலும் அதில் ஒரு துண்டைத் தீயில் காட்டி, எப்படி எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார்கள். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த தோலின் முதல் துண்டு நெருப்புக்குத்தான் போகும். ஆரம்பத்தில் வயிற்றெரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. சத்தத்தைப் பிடிப்பது அவர் தொழில். இழுப்பறைக்குள் கரண்டி ஒன்று இன்னொரு கரண்டியை உரசினால் அவருக்குத் தெரிந்துவிடும். சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். அவருக்குப் பாம்புச்செவி என்று ஊழியர்கள் பெயர் வைத்தார்கள், பிறகு சோம்பேறித்தனத்தில் செவி உதிர்ந்து பாம்பு மட்டும் மிஞ்சியது. "பாம்பு வருது" என்று யாராவது குரல் கொடுத்தால் எல்லாரும் அவரவர் மூடிய மூடியை இன்னொரு திருகு திருகி இறுக்குவார்கள். பாம்பின் பெண்டாட்டி என்கிற பட்டம் எனக்கு. பல் இருக்கிறதா என்று கேட்டவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இந்தப் பாம்பைப் பற்றி ஹேங்கரில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. வீட்டில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேஜை மின்விசிறி இருக்கிறது. அதன் ஓர் இறக்கை ஓரத்தில் உடைந்திருக்கும். போட்டால் கடகடவென்று ரயில் போகிற மாதிரி ஓடும். அந்தச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. மின்சாரம் போய் விசிறி நின்றால் மறு நிமிடம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை நான் ஆசையாகச் சத்தமில்லாத புது விசிறி வாங்கி வந்தேன், மறுநாளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேலை இடத்துல மட்டும் இதைச் சொல்லிடாதே, என் மானமே போயிடும்" என்று அன்றைக்கு என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நானும் காப்பாற்றினேன். எனக்கு வாய் நீளம் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

விமானம் ஒரு முதலாளியம்மாவுக்கு. பல நாடுகளில் தொழில், வாரத்தில் பாதி நாள் ஆகாயத்தில். கணவர் இல்லை, பிள்ளைகள் தனித்தனியாக எங்கெங்கோ இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரே குறை, தூக்கம். எங்கே படுத்தாலும் வருவதில்லை. சத்தம்தான் காரணம் என்று எல்லா வைத்தியரும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "தங்கம் எங்க வேணா பூசுங்க, பூசாம விடுங்க. படுக்கையறையில சத்தமே இருக்கக் கூடாது."

அந்த ஒரு வார்த்தை போதும், என் வீட்டுக்காரர் அதிலேயே விழுந்துவிட்டார். சுவருக்குள் அடுக்கடுக்காக நுரை வைத்தார். கட்டிலை ரப்பர்க் கால்களில் நிறுத்தினார். கதவைச் சுற்றி மூன்று வரிசை ரப்பர் ஒட்டினார். காற்று வருகிற குழாயில்தான் கடைசிச் சத்தம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் வைக்க ஒரு பெட்டி செய்தார். ரொட்டி அளவுதான் இருக்கும். காற்று அதற்குள் வளைந்து வளைந்து போய், மறுபக்கம் மூச்சு விடாமல் வெளியே வரும். அதை எத்தனை தடவை செய்து எத்தனை தடவை உடைத்தார் என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எடை. விமானத்தில் எடை என்றால் எங்கள் தலைவருக்கு உயிர் போகும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. ஒரு திருகாணி கூடினாலும் யார் கூட்டியது என்று கேட்பார். கெட்டவர் இல்லை, எடை கூடினால் எரிபொருள் கூடும், தூரம் குறையும், அது அவர் கவலை. ஒரு நாள் இறக்கைக்கு அடியில் எல்லாரும் கூடியிருந்தபோது, "போதும், அந்தக் கதவு ரப்பர்ல பாதியையும் அந்தப் பெட்டியையும் எடுத்துடுங்க. கேட்டதைவிட அமைதியாத்தான் இருக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, "எடுக்க மாட்டேன். அந்த அம்மா அந்த அறையில தூங்கலைன்னா அன்னைக்கே நான் வேலையை விட்டுடறேன்" என்றார்.

தராசு கையிலிருந்த எடைக் கணக்கை மூடினார். "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர் என் வீட்டுக்காரர், அதுதான் எனக்குப் பயம். இந்த வேலை போனால் அவருக்கு வேறு எங்கே போக்கு? கார் பட்டறையில் கதவு ஆட்டத்தைச் சரிசெய்யலாம். சம்பளம் எப்படியோ போகட்டும், ஒரு பூச்சி சிறகடித்தால்கூடக் கேட்கிற காதை ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலை பாதி நடந்தபோது முதலாளியம்மா தோல் நிறம் பார்க்க ஒரு தடவை வந்தார். நான் தைத்து முடிக்காத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் துப்புரவுப் பெண் தூசி உறிஞ்சும் வாக்குவம் ஓட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் ஒருவர் இழைத்துக்கொண்டிருந்தார், யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாதிரித் துண்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினால், அந்த அம்மா வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு துணியை எடுத்துப் போர்த்திவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்து மிஷின்கள் எல்லாம் நின்றன பாருங்கள், அந்த நொடி கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். பாவம், களைப்பு என்று நினைத்தேனே தவிர வேறு எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து விமானம் கிளம்பி, முதலாளியம்மாவை அவர் ஊரில் ஏற்றிக்கொண்டு, ஆகாயத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு, அவரை அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பும். தராசும் என் வீட்டுக்காரரும் போனார்கள். உயரத்தில் காற்றழுத்தம் மாறும்போது எங்காவது தையல் இழுத்தால் சரிசெய்ய ஊசியோடு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இத்தனை வருடம் விமானத்துக்குள் வாழ்ந்தவள், அது தரையை விட்டுக் கிளம்பும்போது உள்ளே இருந்தது அன்றைக்குத்தான்.

எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், கேட்டால் நிறுத்த மாட்டேன். நான் தைத்த நாற்காலி என்னைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறியது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்த ஒற்றை மரத்தின் கோட்டில் வாசலிலிருந்து ஓடிப் பின்னால் போனது. சரவிளக்கு ஒரு மணியையும் அசைக்காமல் ஆகாயத்தில் நின்றது. பணிப்பெண் வைத்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பையில் ஓர் அலைகூட இல்லை. மனுஷன் கையால் இப்படி ஒன்றைச் செய்ய முடிகிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தருக்காகவா இவ்வளவு என்று அக்கா கேட்பாள். ஒருத்தருக்காகச் செய்ததால்தான் இவ்வளவு நன்றாக வந்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அது சரியா தவறா என்று தெரியாது.

முதலாளியம்மா ஏறினார். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குளியலறைத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அட, சுடுது" என்று குழந்தை மாதிரி சிரித்தார். உயரம் எட்டியதும், "சரி, பெரிய பரீட்சைக்குப் போறேன்" என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜை அருகே உட்கார்ந்து ரப்பர் சுத்தியலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். தராசு ஜன்னலைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அந்த அம்மா முகத்தில் தூக்கம் இல்லை.

"இந்த அறையைச் செஞ்சது யாரு?"

என் வீட்டுக்காரர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். பாராட்டு வரப்போகிறது என்று நினைத்தார் மனுஷன். "நான்தாங்க."

"ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. ஆனா எனக்கு வேண்டாம்."

தராசுதான், "என்னம்மா, ஏதாவது சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"வருது. படுத்ததும் யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு நினைச்சேன். பார்த்தா என் நெஞ்சு அடிக்குது. புரண்டா முட்டி சொடக்கு போடுது. வயிறு என்னென்னவோ பேசுது. எனக்குள்ள இவ்வளவு சத்தம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதைத் தவிர வேற ஒன்னுமே கேக்கல. உலகத்துல எல்லாரும் போயிட்டு நான் மட்டும் பாக்கி இருக்கிற மாதிரி இருந்துச்சு. எழுந்து வந்துட்டேன்."

உலகத்தில் யாரும் செய்யாத தப்பைச் செய்திருந்தார் என் வீட்டுக்காரர். வேலையைக் குறையாகச் செய்து மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மேல் நன்றாகச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் இவர் ஒருவர்தான்.

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இடி மாதிரி கேட்டது.

"என்ன இது?" என்றார் முதலாளியம்மா.

தராசு தயங்கித் தயங்கி, காற்றுக் குழாய்ப் பெட்டியில் தொடங்கி இவர் விட்ட சபதம் வரை சொன்னார். "அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது. நான் பெரிசா எடுத்துக்கல. எடுத்து மாட்டுங்க" என்று அட்டையை இவர் பக்கம் தள்ளினார்.

"நான் பேச்சுக்குச் சொல்லலை" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம். அந்த அம்மா மேல் இல்லை, தராசு மேலும் இல்லை. இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்ட என் மேல்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் அவர் மேல் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாக்குவமும் சாப்பாட்டு மணியும் என் மண்டையில் ஒன்றாக அடித்தன.

"அம்மா, நீங்க அன்னைக்கு எங்க ஹேங்கர்ல தூங்கினீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நீதானே போர்த்திவிட்ட?"

"ஆமாம்மா. பக்கத்துல வாக்குவம் ஓடிச்சு, மரம் இழைச்சாங்க, சண்டை போட்டாங்க. நீங்க நல்லாத் தூங்கினீங்க. மிஷின் நின்னதும்தான் எழுந்தீங்க."

அந்த அம்மா யோசித்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்க மாட்டேன். அம்மா, சத்தமே இல்லாத அறை செஞ்ச இவர் வீட்டுல எப்படித் தூங்குவாருன்னு கேளுங்க. ஒரு ஓட்டை மின்விசிறி இருக்கு. கடகடன்னு ரயில் மாதிரி ஓடும். அது இல்லாம இவருக்குக் கண்ணு மூடாது. அது நின்னா எழுந்து உட்கார்ந்துடுவாரு. நான் புதுசு வாங்கினா திருப்பிக் கொடுத்துட்டு வராரு."

தராசு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்தால், விமானத்தின் கதவைத் திறந்துவிட்டால் குதித்துவிடுவார் போல இருந்தது.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இன்னொரு நோயாளியை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். "நிஜமாவா?"

"ஆமாங்க."

"நின்னா உடனே முழிப்பு வந்துடுமா?"

"உடனே வந்துடும்."

"ஏன் அப்படி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியலைங்க. சத்தம் கேட்டா யாரோ முழிச்சிருக்காங்க, நாம தூங்கலாம்னு தோணும். நின்னுடுச்சுன்னா இனிமே நாமதான் முழிச்சிருக்கணும் போல இருக்கும்."

"இதை ஒரு டாக்டரும் எனக்குச் சொல்லலை" என்றார் அந்த அம்மா.

என் வீட்டுக்காரர் எழுந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய், தான் மூன்று வரிசை ரப்பர் ஒட்டிய கதவைத் திறந்து, மூடாதபடி கொக்கியில் மாட்டினார். கட்டிலுக்கு மேலே இருக்கும், காற்று வருகிற குழாயின் மூக்கை முழுக்கத் திருகித் திறந்தார். உஸ்ஸென்று காற்று சீறியது. சமையல் பகுதிக்குப் போய்ப் பணிப்பெண்ணிடம், "பாத்திரம் கழுவுறப்ப மெதுவா வைக்காதீங்க, உங்க வீட்டுல வைக்கிற மாதிரி வைங்க" என்றார். திரும்பி வந்து, "நீங்க படுங்கம்மா. நாங்க இங்க பேசிக்கிட்டு இருப்போம்" என்றார்.

அந்த அம்மா உள்ளே போய்ப் படுத்துக் கட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வெளியே நாங்கள் மூன்று பேர் மேஜையைச் சுற்றி. பேச வேண்டும். தராசு தொண்டையைச் செருமினார். "என்ன பேசுறது?" என்றார் பரிதாபமாக.

அந்தக் கவலை எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர்தான் கொதித்துக்கொண்டிருந்தாரே. "எனக்குப் பண்ணின சத்தியம் என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தார். "வேலையை விடுறேன்னு ஊர் முன்னாடி சொன்னப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று நான் ஆரம்பித்தேன். நடிப்பு இல்லை, நிஜச் சண்டை. விசிறியில் தொடங்கி, திருப்பிக் கொடுத்த புது விசிறிக்குப் போய், அங்கிருந்து என் அக்கா வீட்டு விசேஷத்துக்கு இவர் வராமல் போனதற்குப் போனது. சமாதானம் செய்ய வந்த தராசு, "அந்தப் பழைய விசிறி எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டார். அவரால் வேறு எப்படிச் சமாதானம் செய்ய முடியும்?

நடுவில் என் வீட்டுக்காரர் விரலை உயர்த்தினார். எல்லாரும் நிறுத்தினோம். உள்ளிருந்து சன்னமாக ஒரு குறட்டை. நாங்கள் நிறுத்தியதுதான் தாமதம், அதுவும் நின்று கட்டில் அசைந்தது. அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். பேசு, பேசு. மறுபடி சண்டையைப் பிடித்துக்கொண்டோம். சமையல் பகுதியில் பணிப்பெண் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினாள். விமானி இறங்கப் போவதாகச் சொல்லி அனுப்பியபோது, தராசே எழுந்து போய், "எரிபொருள் போனாப் போகுது, இன்னொரு சுத்து சுத்துங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை ஹேங்கரில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. உலகத்திலேயே விலை கூடிய விமானங்களில் ஒன்று, ஓர் அம்மாவின் தூக்கம் கலையக் கூடாது என்று மேகத்துக்கு மேலே வட்டமடித்தது. சண்டைக்குச் சரக்குத் தீர்ந்துபோய் நாங்கள் கல்யாணத்தன்று நடந்ததையெல்லாம் தோண்டி எடுத்தோம்.

முதலாளியம்மா எழுந்து வந்தபோது கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருந்தது. வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். மேஜையிலிருந்த அட்டையை எடுத்துத் தராசிடம் நீட்டினார். "அந்த அறையில தூங்கினாத்தானே நிபந்தனை? தூங்கிட்டேன். அவர்கிட்ட கொடுங்க."

தராசு இரண்டு கையாலும் வாங்கி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"ஆனா ஒன்னு" என்றார் அந்த அம்மா. "கதவு இடுக்கு விடணும். காத்து சத்தம் கேக்கணும். குழாய்ல ஏதோ பெட்டி வச்சிருக்கீங்களாமே, அதை எடுத்துடுங்க." பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீங்க செஞ்ச மாதிரி ஒரு அமைதியை நான் எங்கயும் கேட்டதில்லை. அதைத் தாங்க எனக்குத் திராணி இல்லை, அவ்வளவுதான்."

"எடுத்துடறேங்க" என்றார் அவர்.

அந்த அம்மா இறங்கிப் போனார். வேலை தப்பித்தது. எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல அவ்வளவு நிம்மதி. விமானம் எங்கள் ஊரை நோக்கித் திரும்பிப் பறந்தது. பின்மதிய வெயில். தராசு முதல் நாற்காலியில் சாய்ந்து பொய்த்தூக்கம் போட்டார். என் வீட்டுக்காரர் படுக்கையறை வாசலில் நின்று அந்தக் கதவு ரப்பரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் கழட்டிடுவேன்" என்றார். "அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை கேக்கறியா?"

அந்தக் கட்டிலின் தலைமாட்டுத் தோலைத் தைத்தவள் நான். அதில் படுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தப்பு செய்கிற பிள்ளைகள் மாதிரி ஓரமாகப் படுத்துப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டோம். அதற்கு முன்னால் அவர் காற்று மூக்கைத் திருகிக் குறைத்துவிட்டு, கொக்கியை விடுவித்துக் கதவை இழுத்திருந்தார். அது ஒரு பெருமூச்சு மாதிரி வந்து பொருந்தியது.

அவ்வளவுதான். எல்லாம் நின்றுவிட்டது. எஞ்சின் இல்லை, காற்று இல்லை. அத்தனை பெரிய விமானம் அத்தனை வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. ஜன்னலுக்கு வெளியே மேகம் ஓசையில்லாமல் நகர்ந்தது. ஒற்றை மரமும் பளிங்கும் சரவிளக்கும் இதன் முன்னால் வெறும் பாத்திரம் பண்டம். இந்த விமானத்திலேயே விலை உயர்ந்தது இதுதான், இதைக் கண்ணால் பார்க்க முடியாது, நாளைக்கு இருக்கவும் போவதில்லை. இதைச் செய்தவர் என் பக்கத்தில் படுத்திருந்தார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவர் எச்சில் விழுங்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விழுங்கினார். மூச்சு சின்னச் சின்னதாக அறுந்து அறுந்து வந்தது. கூரையைப் பார்த்தபடி அசையாமல்தான் படுத்திருந்தார், ஆனால் அழுகிறார் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த ஓட்டை விசிறிக்குப் பக்கத்தில் இப்படி எத்தனை தடவை அழுதிருப்பாரோ, எனக்குக் கேட்டதே இல்லை.

நான் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கேக்குது?" என்றார் மெதுவாக.

"நீங்கதான்" என்றேன்.

விமானம் இறங்கத் தொடங்கும் வரை அந்தக் கையை நான் விடவில்லை.